கடலடிச் சேற்றிற் பூந்தாது

மழையை அளக்குங் கருவிகளை ஊர்தோறும் வைத்து ஒழுங்காகக் கணக்கெழுதும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலத்ததன்று. இந்திய வானிலைத் துறை தோன்றியது 1875-ஆம் ஆண்டில். சென்னையில் வானிலையைக் குறித்துவைக்கும் வழக்கம் அதனினும் முற்பட்டதெனினும், அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்கு அப்பாற் செல்வதன்று. கல்வெட்டுக்களும் பழம் பாடல்களும் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் ஆங்காங்கே பேசுகின்றன. இத்தனை அங்குலம் பெய்தது, இத்தனை ஆண்டு பொய்த்தது என்று கணக்குச் சொல்வன அல்ல. அங்ஙனமாயின் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு, அன்றி 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, தென்னாட்டில் மழை மிகுந்திருந்ததோ குறைந்திருந்ததோ என்னும் வினாவுக்கு விடை காண்பது எவ்வாறு? மனிதர் எழுதிவையாத செய்திகளைத் தாங்கிநிற்கும் பொருள்கள் சில உள. அவற்றுள் ஒன்று பூக்களின் தாது. அது அழியாது தங்கியிருக்கும் இடங்களுள் தலையாயது கடலின் அடிச்சேறு. அச்சேற்றை ஆராய்ந்து பண்டைத் தட்பவெப்ப நிலையை உணரும் முறையை நம் கல்லூரி மாணவர்க்கு இயன்றவரை விளக்க எண்ணுகின்றோம்.

இது மதுரையிலிருக்கும் நமக்கு எட்டாத பொருளென்று கருதற்க. சிம்மக்கல்லுக்கு வடபால் ஓடும் வைகையாற்றை எண்ணிப் பாருங்கள். நம் சமவெளிக்கு நேரே மழை தருவது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. ஆயின் 1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டிமுடித்த பெரியாற்றணை, மேற்குக் கடலை நோக்கி ஓடிய நீரை மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திருப்பி வைகையிற் சேர்த்தது. அன்று முதல் மதுரை, மேலூர்ப் பக்கத்து வயல்கள் மேற்கு மலையிற் பெய்யும் தென்மேற்குப் பருவமழையையும் நம்பி வாழ்கின்றன. ஆகவே தென்மேற்குப் பருவக்காற்று வலியுற்றிருந்த காலம் எது, நலிந்திருந்த காலம் எது, நலிவு எத்துணை நூற்றாண்டு நீடித்தது என்பன மேற்கடற்கரையார்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. நம் உழவர்க்கும் அவை உரியன.

இனிப் பூந்தாதின் இயல்பைக் காண்போம். மகரந்தப் பொடி என்று நாம் கையில் துடைத்தெறியும் மஞ்சள் துகள், தனித்தனி நோக்கின் நுண்ணிய மணிகளாகும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்குவரை குறுக்களவுடையன. ஒவ்வொரு மணிக்கும் புறத்தே ஒரு தோடு உண்டு. அத்தோட்டின் பொருளுக்கு ஸ்போரோபொலினின் என்று பெயர். உயிர்கள் உண்டாக்கும் பொருள்களுள் இதனைப் போல் கேட்டுக்கு ஈடுகொடுப்பது அரிது. மணியின் உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் சில நாட்களில் அழிந்துபோம். தோடோ கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள்ளும் கிடக்க வல்லது. காட்டமான அமிலங்களும் அதனைக் கரைப்பதில்லை. அதற்குப் பகை காற்றிலுள்ள ஆக்சிஜன். நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறிக் கிடக்கும் மண்ணில் பூந்தாது விரைவிற் கெடும். என்றும் ஈரமாய்க் காற்றுப் புகாது கிடக்கும் சேற்றில் கெடாது நிற்கும்.

தோட்டின் வடிவம் செடிக்குச் செடி, இனத்துக்கு இனம் வேறுபடும். செம்பருத்தியின் தாது பருத்து முட்கள் நிறைந்திருக்கும். கருவேல மரத்தின் தாதோ தனித்து வருவதில்லை. பல மணிகள் ஒட்டி ஒரே உருண்டையாய் வரும். அதற்கு உறவாகிய சீமைக்கருவேலின் தாது தனி மணியாயிருக்கும். ஆதலின் இவ்விரண்டையும் நுண்பெருக்கியின் கீழ் மயங்காது பிரித்தறியலாம். பைன் மரத்துத் தாதுக்கு இருபுறமும் காற்றுப்பை உண்டு. கீரை இனத்துத் தாது உடலெங்கும் துளைகளுடைய பந்தினைப் போன்றது. புல்லின் தாதுக்கு ஒரே துளை. அதனைச் சுற்றி ஒரு வளையம். புல்லினம் அனைத்துக்கும் இதுவே வடிவமாதலின், நெல்லின் தாதையும் காட்டுப்புல்லின் தாதையும் எளிய நுண்பெருக்கியால் வேறுபடுத்துதல் மிகவுங் கடினம். இவ்விடர்ப்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது பெரிய வழக்கொன்றுக்குக் காரணமாகும்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்துக்குப் பூவின் பெயரையே இட்டு வழங்கிய மொழி நம் மொழி. இன்ன பூ இருப்பின் இன்ன நிலம் என்னும் நெறியையே பூந்தாது ஆராய்வோரும் மேற்கொள்கின்றனர். மழை பொய்த்தவிடத்து மலையும் காடும் பாலையாய் மாறும் என்று நம் முன்னோர் கருதினரன்றோ? அம்மாற்றம் எப்பொழுது நிகழ்ந்தது என்பதைச் சேற்றின் அடுக்குக்களில் எண்ணிக் காண்பதே இவ்வாராய்ச்சி.

பூந்தாது கடலுக்குச் செல்வது இரண்டு வழியால். ஒன்று காற்று, மற்றொன்று ஆறு. புல்லைப் போலக் காற்றினால் கருவுறுஞ் செடிகள் தாதை வாரியிறைக்கும். வேம்பும் புளியும் போல வண்டையும் தேனீயையும் நம்பியிருப்பவை சிக்கனமாகவே தாதை உண்டாக்கும். ஆகவே சேற்றில் நூற்றுக்கு அறுபது புல் தாது கிடைத்ததாயின் நிலத்தில் நூற்றுக்கு அறுபது புல் வளர்ந்தது என்று கொள்ளலாகாது. ஒவ்வொரு காட்டின் மேல்மண்ணிலும் இன்று எந்தத் தாது எவ்வளவு விழுகின்றது என்று முதலில் எண்ணி வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டே பழஞ்சேற்றின் கணக்குக்குப் பொருள் கூறல் வேண்டும்.

ஆற்றினால் வரும் தாது வண்டலைப் போன்றே நடந்துகொள்ளும். மணல் தங்குமிடத்தில் அது தங்காது. நீர் அமைதியுறுமிடத்தில் களிமண்ணோடு படியும். சிம்மக்கல்லுக்கு அருகே வைகை மணலில் தாதைத் தேடுவோன் வெறுங்கையோடு திரும்புவான். கண்மாயின் அடியிலுள்ள வண்டலில் கிடைக்கும்.

அங்ஙனமாயின் நம் கண்மாய்களையே தோண்டிப் பார்த்தாலென்ன, கடலுக்குப் போவானேன் என்று வினவுவீர்கள். நம் சமவெளியிலுள்ள நீர்நிலைகளிற் பெரும்பாலன மனிதர் வெட்டியவை. அவற்றின் வயது சில நூற்றாண்டுகள், மிக்கால் ஓராயிரம் அல்லது ஈராயிரம் ஆண்டுகள். குடிமராமத்து முறையில் வண்டலை வாரி வயலுக்கு எருவாக இட்டுவந்தமையால் அடுக்குக்களும் கலைந்துபோயின. கோடையில் வற்றி வெடிக்கும் தரையில் தாதும் கெட்டுப்போம். ஆதலின் சென்ற இரண்டு மூன்று நூற்றாண்டின் வரலாற்றைக் கண்மாய் ஓரளவு சொல்லும். பத்தாயிரம் ஆண்டின் வரலாற்றைச் சொல்லாது.

வைகை சென்று சேரும் கடலும் இதற்கு உதவுவதில்லை என்பது வியப்புக்குரியது. முதலாவது, வைகையின் நீர் பெரும்பாலும் வழியிலுள்ள கண்மாய்களிலேயே அடங்கிவிடுகின்றது. பெருவெள்ளக் காலத்திலேயே ஆற்றங்கரை என்னும் ஊரையடுத்துக் கடலைக் காண்கின்றது. இரண்டாவது, அது சேரும் பாக் விரிகுடா ஆழமற்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியூழியின் உச்சத்தில், உலகத்து நீரிற் பெரும்பகுதி வடதுருவத்தை அடுத்த கண்டங்களின்மேல் பனிமலையாய்க் கிடந்தது; கடல்மட்டம் இன்றைக்குள்ளதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அன்று பாக் விரிகுடா உலர்ந்த நிலம். இலங்கைக்குக் காலால் நடந்து செல்லலாம். 10,000 ஆண்டுகளுக்கு முன்னரும் அங்கே கடல் வந்து நிரம்பவில்லை. கடலே இல்லாத இடத்தில் கடற்சேறு ஏது? (இச்செய்தியைக் கேட்டவுடன் கடல்கொண்ட தமிழ்ச் சங்கங்களை இதனால் நாட்டிவிடலாமென்று சிலர் விரைவர். நிலம் இருந்தது, அது மூழ்கியது என்பதற்கு மட்டுமே இது சான்று. அங்கே நகரமிருந்தது, புலவர் இருந்தனர் என்பதற்குப் பூந்தாது சான்று பகராது.)

ஆகவே ஆழமான கடலையே நாடவேண்டும். மேற்கு மலையின் மழைக்காடுகளிலிருந்து குறுகிய ஆறுகள் விரைந்து இறங்கி அரபிக் கடலிற் சேர்கின்றன. மலையிற் பூத்த தாது சில நாட்களிற் கடலை அடையும். அக்கடலின் நடுவாழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு நீரடுக்கு உண்டு. அது தரையைத் தொடுமிடங்களில் சேற்றைக் கிளறும் புழுக்களும் அருகியே வாழும். தாது காப்பதற்கு இதனினும் சிறந்த பேழை வேண்டுவதில்லை.

சேற்றை எடுப்பது எவ்வாறெனின், கனத்த எடை கட்டிய நீண்ட எஃகுக் குழாயைக் கப்பலிலிருந்து இறக்கி அடித்தரையிற் செருகுவர். தன் எடையாலேயே இறங்கும் குழாய் சில மீட்டருக்குமேற் செல்வதில்லை. ஸ்வீடன் நாட்டுக் குல்லென்பர்க் என்பார் குழாய்க்குள் ஓர் உந்துதண்டை அமைத்து, சேறு நசுங்காது நெடுந்தூரம் ஏறிவரச் செய்தார். 1947-இல் புறப்பட்ட ஆல்பட்ராஸ் கப்பற் பயணத்தில் இக்கருவி பெரும்பயன் தந்தது. மேலே வந்த சேறு ஒரு நீண்ட தூண் போன்றிருக்கும். அத்தூணின் உச்சி இன்றைய காலம், அடி பழங்காலம். அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் குளிரறையில் வைத்துவிட்டு, மறுபாதியிலிருந்து சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை சிறு துண்டு எடுப்பர்.

அத்துண்டை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாகக் கரைப்பர். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிப்பியையும் சுண்ணத்தையும் கரைக்கும். ஹைட்ரோபுளூரிக் அமிலம் மணலையும் களிமண்ணையும் கரைக்கும். கண்ணாடியையே தின்னும் அமிலம் அது. தோலிற் பட்டால் எலும்புவரை சென்று உயிருக்கே இடர் செய்யும். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அதனைத் தொட முயலவேண்டா. எஞ்சிய மரத்தூளையும் பிறவற்றையும் நீக்க, ஸ்வீடன் நாட்டு எர்ட்மன் கண்ட முறைப்படி அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கும் கந்தக அமிலம் ஒரு பங்கும் கலந்து சூடேற்றுவர். இத்தனை அழிவுக்கும் பின்னர் குழாயின் அடியில் ஒட்டிநிற்பது பூந்தாதின் தோடு.

பின்னர் எண்ணிக்கை. நுண்பெருக்கியில் நானூறு மடங்கு பெருக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஏறத்தாழ முந்நூறு மணிகளை இனம் பிரித்து எண்ணுவர். முந்நூற்றில் இத்தனை புல், இத்தனை மழைக்காட்டு மரம், இத்தனை கடற்கரைத் தாவரம் என்று வீதங் காண்பர். வீதத்தில் ஒரு வஞ்சகம் உண்டு. காட்டுமரம் வெட்டுண்டு குறைந்தால், புல் சிறிதும் பெருகாதபோதும் புல்லின் வீதம் உயர்ந்துவிடும். இதனைக் கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம் செய்தனர். ஒரு மூட்டை நெல்லில் எத்தனை நெல் என்று எண்ணவேண்டின், எண்ணிவைத்த குன்றிமணிகளை அதிற் கலந்து, ஒரு படியை முகந்து, அதில் நெல் எத்தனை, குன்றிமணி எத்தனை என்று பார்த்தாற் போதுமன்றோ? அதுபோலச் சேற்றுத் துண்டைக் கரைக்குமுன், நம் நாட்டுக் கடற்சேற்றில் மிகுதியாக வராத லைகோபோடியம் என்னுஞ் செடியின் வித்துக்களைக் கணக்காகக் கலப்பர். 12,000 வித்து கலந்து, முந்நூறு தாது எண்ணுவதற்குள் நூறு வித்து கண்ணிற்பட்டதாயின், அத்துண்டிலுள்ள தாது 36,000 என்றாகும். வித்தை மாத்திரை வடிவிற் கலக்கும் முறையை 1971-இல் டென்மார்க்கு நாட்டு ஸ்டாக்மார் வெளியிட்டார்.

இக்கலையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். பூந்தாதை வீதமாக எண்ணிப் படம் வரைந்து பழந்தட்பவெப்பத்தை முதன்முதல் எடுத்துரைத்தவர் ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட். 1916-இல் நார்வேயின் தலைநகரில் நிகழ்ந்த மாநாடு ஒன்றில் அவர் அதனை விளக்கினார். அவர் எண்ணியது முற்றாச் சதுப்புக் கரியில். 1944-இல் ஹைடு, வில்லியம்ஸ் என்னும் இருவர் இக்கலைக்குப் பாலினாலஜி என்று பெயரிட்டனர். நம் நாட்டில் பழந்தாவர ஆராய்ச்சிக்கு வேரூன்றியவர் பீர்பல் சாஹ்னி. 1946-இல் லக்னோவில் அவர் தொடங்கிய நிலையத்தின் புதுக் கட்டடத்துக்கு 1949 ஏப்ரல் 3-ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு வாரத்தில், 10-ஆம் நாள், சாஹ்னி காலமானார். தமிழ்நாட்டுக்கு அணித்தாய் 1955-இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு நிறுவனம் தென்னாட்டுத் தாவரங்களின் தாதைச் சேர்த்து வைத்துள்ள ஒப்புநோக்குத் தொகுதி பல்லாயிரம் வில்லைகளைக் கொண்டது. அவ்வாய்வகத்தை நடத்திய கணபதி தணிகைமணி சென்னையிற் பிறந்த தமிழர். உலகெங்கும் வெளியான தாது நூல்களுக்கெல்லாம் அட்டவணை தொகுத்தவர். 1986 செப்டம்பர் 5-ஆம் நாள் கராச்சியில் கடத்தப்பட்ட பான் அமெரிக்கன் விமானத்தில் இருந்தவர்களுள் அவரும் ஒருவர். அன்று சுடப்பட்டு உயிரிழந்தார். சதுப்புநிலக் கடற்கரைத் தாவரங்களின் தாது பற்றிய அவரது நூல் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது.

தாதின் பெயரைச் சொல்ல முதலில் செடியின் பெயர் தெரிதல் வேண்டும். இவ்வகையில் மிஷன் கல்லூரிகள் ஆற்றிய தொண்டு பெரிது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினட் தாவர நிலையத்தைச் சார்ந்த மாத்யூ அடிகளார் தமிழகக் கர்னாடகச் சமவெளிக்கும் பழனி மலைக்கும் தாவர நூல்கள் எழுதினார். அவை இல்லையேல் நுண்பெருக்கியிற் கண்ட மணிக்கு ஊரும் பேரும் இல்லை.

இனிக் கடற்சேறு சொன்னது யாதென்பதற்கு வருவோம். கடற்சேற்றுக்கு ஏரிச்சேற்றினும் ஒரு மேன்மை உண்டு. அதே துண்டில் நிலத்துப் பூந்தாதும் இருக்கின்றது. கடலில் வாழ்ந்த போராமினிபெரா என்னும் ஒற்றைச்செல் உயிரின் சுண்ண ஓடும் இருக்கின்றது. நீரிலுள்ள ஆக்சிஜனில் எடை குறைந்தது, எடை மிகுந்தது என இருவகை உண்டு. எடை குறைந்ததே எளிதில் ஆவியாகிப் பனியாய்க் கண்டங்களில் உறையும். எஞ்சிய கடல்நீரில் எடை மிகுந்தது மேலோங்கும். அவ்விகிதத்தை ஓடு தன்னகத்தே பதித்துக்கொள்ளும். இவ்விகிதத்தைக்கொண்டு பனியூழிகளை அறியும் வழியை 1955-இல் எமிலியானி காட்டினார். நிலத்தின் செய்தியும் கடலின் செய்தியும் ஒரே துண்டில் வருவதால், எது முன் எது பின் என்று வழக்காட வேண்டுவதில்லை. இரண்டுக்கும் கடிகாரம் ஒன்றே. 1979-இல் ஹாய்சர், ஷாக்கிள்டன் என்னும் இருவரும் பசிபிக் கடற்சேற்றில் 150,000 ஆண்டுக்கு இவ்வாறு இணைத்துக் காட்டியது இத்துறையில் ஒரு திருப்பமாகும். அண்மைக்கால அடுக்குக்களுக்கு ஆண்டு குறிப்பது லிப்பி 1949-இல் கண்ட கதிரியக்கக் கரி முறையினால். ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு அப்பால் அது செல்லாது.

தென்மேற்கு இந்தியாவுக்கு அப்பாலுள்ள இரண்டு சேற்றுத் தூண்களை ஆராய்ந்து 1986-இல் வான் காம்போ அம்மையார் வெளியிட்ட முடிவு நம் நாட்டுக்கு மிக முதன்மையானது. கதிரியக்கக் கரிக் கணக்குப்படி 22,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம் கடும் வறட்சியுடையது. தென்மேற்குப் பருவக்காற்று அன்று நலிந்திருந்தது. பின்னர்ப் படிப்படியாக மழை பெருகி, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தை எய்திற்று. ஐரோப்பாவைப் பனி மூடியிருந்த காலத்தில் நம் நாடு குளிர்ந்து மழை மிகுந்திருக்குமென்று பலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. ஆசியக் கண்டம் குளிர்ந்தால் கடலிலிருந்து ஈரக்காற்றை ஈர்க்கும் ஆற்றல் குன்றும். 2004-இல் மங்களூர்ப் பல்கலைக்கழகத்தாரும் புதுச்சேரி ஆய்வகத்தாரும் சேர்ந்து கிழக்கு அரபிக் கடலின் இரண்டு தூண்களைக்கொண்டு இவ்வரலாற்றை 200,000 ஆண்டுவரை பின்னே நீட்டினர்.

நம் காலத்துக்கு அணிமையான செய்தி கார்வாரிலிருந்து வருகின்றது. அவ்வூருக்கு அப்பாற் கடலில் எடுத்த தூண்களைக் காரத்தினியும் அவர் துணைவரும் ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் பசுமை மாறாக் காட்டின் தாதும் கடற்கரைச் சதுப்புக்காட்டின் தாதும் குறைகின்றன. புல்வெளித் தாவரங்களின் தாது பெருகுகின்றது. சேற்றிலுள்ள கரியின் இயல்பும் அதனோடு ஒத்துச் சொல்கின்றது. அவர்கள் கண்ட முடிவு, அக்காலந்தொட்டு மழை குறைந்தது என்பது. கீழடியில் வைகைக் கரையோர் செங்கற் கட்டடங்களில் வாழ்ந்ததற்கு ஓராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட நிகழ்ச்சி இது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். காடு குறைந்து புல் பெருகுவதற்கு மழைக்குறைவு ஒரு காரணம். கோடரியும் தீயும் மற்றொரு காரணம். 3,500 ஆண்டுகளுக்கு முன் தென்னாட்டில் மாடு மேய்ப்போரும் உழவரும் இருந்தனர். நெல்லின் தாதும் புல்லின் தாதும் ஒன்றுபோலிருக்கும் என்று முன்னர்க் கூறினோமன்றோ? காடழித்துக் கழனி செய்தாலும், காடு வறண்டு புல்வெளியானாலும், சேற்றில் தெரிவது ஒன்றே. மழைக்குறைவு என்னும் முடிவை வலியுறுத்துவது சதுப்புக்காட்டின் வீழ்ச்சியாகும். கழிமுகத்துச் சுரபுன்னைக்கு ஆற்றின் நன்னீர் வேண்டும்; நீர் குறைந்து உப்பு மிகின் அது தளரும். மலையில் மரம் வெட்டுவோன் கழிமுகத்தின் உப்பை மிகுவித்தான் என்பது எளிதில் ஒப்பக்கூடியதன்று. ஆயினும் கழிமுகத்தாரும் விறகுக்கு மரம் வெட்டுவர் என்பதை மறத்தலாகாது. எமது கருத்தில், மழை குறைந்தது என்பதே வலியுடைய விளக்கம். அதற்குப் பிற்பட்ட அடுக்குக்களில் மட்டும் மனிதன் கையையும் சேர்த்து எண்ணுதல் பொருந்தும்.

சுரபுன்னையின் சாட்சியும் இரு பொருள் படும். கடல்மட்டம் விரைந்து உயர்ந்த காலத்தில் தாழ்ந்த கரைகளில் நீர் புகுந்து கழிகள் பெருகின. கழி பெருகியபோது சுரபுன்னையும் பெருகும். அப்பெருக்கத்துக்குக் காரணம் மழையோ, கடலேற்றமோ? மேலும் கடல் உயர உயரக் கரை பின்வாங்கும். ஒரே இடத்திலுள்ள தூணுக்குக் கரை தொலைவாகிக்கொண்டே போகும். கரைத்தாவரத்தின் தாது அதனாலேயே குறையும். ஆகவே 11,000 ஆண்டுக்கு முற்பட்ட சுரபுன்னைத் தாதைத் தனியே கொண்டு மழையைக் கணிப்பது ஆபத்து. வான் காம்போ அம்மையார் அதனை ஆக்சிஜன் கணக்கோடும் பிற தாதோடும் வைத்தே பேசினார். வறண்ட காலத்தில் மாசிபத்திரி, கீரையினம் ஆகியவற்றின் தாது வடமேற்குப் பாலைநிலங்களிலிருந்து காற்றில் வந்து அரபிக் கடலில் விழுவதும் ஒரு துணைச்சான்று.

மலையிலிருந்தும் சான்று உண்டு. நீலகிரியின் முற்றாக் கரிச் சதுப்பில் 1993-இல் சுகுமாரும் துணைவரும் கரியின் இருவகையையும் அளந்தபோது, பனியூழி உச்சத்தில் வறட்சியும் அதன் பின்னர் ஈரமும் அங்கும் புலப்பட்டன. பழனி மலையில், கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள பெரிஜம் ஏரியின் சேற்றை லக்னோ நிலையத்தார் ஆராய்ந்து 20,000 ஆண்டுத் தாவர வரலாற்றை 1996-இல் வெளியிட்டனர். நமக்கு இத்துணை அருகில், ஒரு நாட்பயணத் தொலைவில், இத்தகைய ஏடு இருப்பது நம் மாணவர் பலர் அறியாதது. மலையும் கடலும் தம்முள் கலந்துபேசிச் சாட்சி சொல்லவில்லை. ஒத்துச் சொல்வதனால் பெரும்போக்கை நம்பலாம்.

சிறு போக்கை நம்புதல் வேறு. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சேறே படியும். கரைக்கு அருகில் அதனினும் விரைந்து படியும். ஆயிரம் ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டர் என்று கொள்வோமாயின், ஒரு சென்டிமீட்டர்த் துண்டில் நூறு ஆண்டு அடங்கிவிடும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அத்துண்டில் ஒரு கோடாகவும் தெரியாது. புழு கிளறிய சேறாயின் இன்னும் மங்கும். தாது வருடத்தைத் தாது காட்டாது என்பது ஒரு சொல்விளையாட்டுப் போலத் தோன்றினும், கடற்சேற்றை எடுத்துக்காட்டி அடுத்த ஆண்டின் மழையைச் சொல்லப் புகுவோரை நாம் நம்பாமைக்கு இதுவே காரணம்.

அண்மைக்கால அடுக்குக்கு நாள் குறிக்க வேறு வழி உண்டு. வெளிநாட்டுச் செடிகள் நம் நாட்டுக்கு வந்த ஆண்டு நமக்குத் தெரியும். யூகலிப்டஸ் நீலகிரிக்கு வந்தது 1840-களில். சீமைக்கருவேல் தென்னாட்டுக்கு வந்தது 1870-களில். அவற்றின் தாது தோன்றும் அடுக்கு அவ்வாண்டுகளுக்கு முற்பட்டதாக முடியாது. இராமநாதபுரத்துக் கண்மாய்களைச் சீமைக்கருவேல் மூடிக் கெடுத்தமைக்கு அதனை வையாதார் இல்லை. கண்மாய்ச் சேற்றை எண்ணுவோனுக்கு மட்டும் அது நாட்குறிப்பாய் உதவும்.

கீழ்க்கரையின் செய்தி மேற்கரையினும் சிக்கலானது. வங்கக் கடலில் 2006-இல் எடுத்த தூண்களின் பூந்தாதைப் பிரெஞ்சு, இந்திய அறிஞர் சேர்ந்து எண்ணி 2015-இல் வெளியிட்டனர். அங்கும் பேசப்படுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றே. கோதாவரியின் நீர் அதனால் வருவதன்றோ? நம் சமவெளிக்குரிய வடகிழக்குப் பருவமழையை அறியக் காவிரிக்குத் தெற்கிலுள்ள சேறே ஏற்றது. 1987-இல் புதுச்சேரி ஆய்வகத்துத் திஸ்ஸோ அம்மையார் காவிரிக் கழிமுகத்தின் சேற்றில் தாதை எண்ணி, பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டின் இனங்கள் அண்மைக் காலத்தில் மாறிவந்துள்ளமையைக் காட்டினார். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் இன்று அந்நகரில் காடாக இல்லை. பிச்சாவரத்துக் கழியோரத்தில் நிற்கின்றது.

இதனைப் படித்து ஆர்வங்கொண்ட மாணவர்க்குத் தீங்கற்ற ஒரு முயற்சியைச் சொல்வோம். கொடிய அமிலம் எதுவும் வேண்டா. பூவின் மகரந்தப் பையை ஒரு கண்ணாடி வில்லையின்மீது மெல்லத் தட்டுக. ஒரு துளி சாராயத்தை விட்டு எண்ணெய்ப் பசையைக் கழுவி உலரவிடுக. சிறிது செஞ்சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லியை உருக்கி அதன்மேல் இட்டு மெல்லிய மூடுகண்ணாடியால் மூடுக. வில்லையின் ஓரத்தில் செடியின் பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதத் தவறற்க. பெயரில்லாத வில்லை ஒன்றுக்கும் உதவாது. செடியின் கிளையொன்றையும் தாளில் ஒட்டி உலர்த்தி வைத்தல் நன்று. செம்பருத்தியின் தாது பெரிதாதலின் முதலில் அதனை எடுத்துக்கொள்வது எளிது. பின்னர்க் கருவேலும் சீமைக்கருவேலும், கடைசியில் புல்.